பந்து ஆடும் மூன்று நொடிகள்

பந்து பறந்து போய் விலங்கின் மேல் படுகிறது. விலங்கு ஒளியாகக் கரைந்து உள்ளே போய்விடுகிறது. தரையில் விழுந்த பந்து ஒருமுறை ஆடுகிறது. மறுபடி ஆடுகிறது. மூன்றாம் முறையும் ஆடிவிட்டு ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டால் விலங்கு நம்முடையது. வெடித்துத் திறந்துகொண்டால் பையிலிருந்து இன்னொரு பந்தை எடுக்க வேண்டியதுதான்.

போக்கிமான் என்ற வீடியோ விளையாட்டை ஆடி வளர்ந்தவர்களில் பலர் இந்த மூன்று நொடிகளில் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததில்லை. பந்து ஆடும் தாளத்துக்கு ஏற்ப ‘ஏ’ பொத்தானைத் தட்டுவார்கள். சிலர் ‘பி’ பொத்தானையும் கீழ்நோக்கும் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடிப்பார்கள். அப்படிச் செய்தால் பந்து இறுகப் பூட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. விளையாட்டின் கையேட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் பல நாடுகளில், பல மொழிகள் பேசும் பிள்ளைகளிடையே இந்தப் பழக்கம் ஊன்றிப்போயிருந்தது.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை விளங்கிக்கொள்ள உதவும். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி கிடைக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார். தீனி வந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலையே புறாக்கள் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒரு புறா கூண்டுக்குள் இடஞ்சுழியாகச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் ஒரு மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. பந்து பூட்டிக்கொண்ட கணத்தில் விரல் பொத்தானில் இருந்தால், பிள்ளை மனமும் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும்.

சரி, பந்து ஆடும்போது அழுத்தும் பொத்தானுக்கு வேலை இல்லை. அப்படியானால் விலங்கு சிக்குவதையும் தப்புவதையும் தீர்மானிப்பது எது? கணினி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் கருவி. அதனுள் பகடையும் இல்லை, சோழியும் இல்லை. அதிர்ஷ்டத்தை அது எங்கிருந்து எடுக்கிறது?

இந்த விளையாட்டுத் தொடர் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில், நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக ‘சிவப்பு’, ‘பச்சை’ என்ற இரண்டு பதிப்புகளாக வெளிவந்தது. உருவாக்கியவர்கள் சதோஷி தஜிரி தலைமையிலான கேம் ஃப்ரீக் குழுவினர். டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் வளர்ந்த தஜிரி, சிறுவயதில் வண்டும் பூச்சியும் பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்தவர். வயலும் குளமும் கட்டடங்களாகிப் போன பிறகு வளரும் பிள்ளைகளுக்கு அந்த வேட்டையின் இன்பம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். 151 இனங்கள், தேடிப் பிடிப்பது, வளர்ப்பது, இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்து நண்பரோடு மாற்றிக்கொள்வது என்று விளையாட்டு உருவானது. அடுத்தடுத்த தலைமுறைகளில் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. ஜப்பானில் 2002 முதல் 2004 வரை வந்த மூன்றாம் தலைமுறைப் பதிப்புகளில் (ரூபி, சஃபையர், ஃபயர் ரெட், லீஃப் கிரீன், எமரால்டு) இந்தக் கணக்குகள் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால், அவற்றையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வோர் இனத்துக்கும் 3 முதல் 255 வரை ஒரு ‘பிடிபடு எண்’ உண்டு. எண் பெரிதானால் இனம் எளிதில் சிக்கும். ஊர் எல்லைப் புல்வெளியில் திரியும் ஸிக்ஸகூனுக்கு 255. பிகாச்சுவுக்கு 190. குகையின் அடியில் தனியாக நிற்கும் மியூட்டூவுக்கு வெறும் 3. இந்த எண்ணோடு மூன்று விஷயங்கள் சேர்கின்றன. விலங்கிடம் எவ்வளவு உயிர்ச்சக்தி மிச்சம் இருக்கிறது, அது தூக்கத்திலோ பக்கவாதத்திலோ கிடக்கிறதா, எறிவது எந்த வகைப் பந்து. உயிர்ச்சக்தி குறையக் குறைய வாய்ப்பு ஏறும். தூங்கும் விலங்குக்கு வாய்ப்பு இரட்டிப்பாகும். சாதாரணப் பந்துக்குப் பதில் அல்ட்ரா பந்தை எறிந்தால் இன்னொரு மடங்கு இரட்டிப்பாகும்.

முழுத் தெம்போடு விழித்திருக்கும் மியூட்டூ மீது சாதாரணப் பந்தை எறிந்தால், பிடிபடும் வாய்ப்பு 0.4 சதவீதம். அதையே அடித்துச் சோரவைத்து, ஒரே ஒரு புள்ளி உயிர்ச்சக்தி மிச்சம் வைத்து, தூங்கவும் வைத்து, அல்ட்ரா பந்தை எறிந்தால் வாய்ப்பு சுமார் 4.4 சதவீதமாகிறது. பத்து மடங்குக்கு மேல் முன்னேற்றம். இருந்தாலும் சராசரியாக 23 பந்துக்கு ஒன்றுதான் பலிக்கும். ‘சராசரி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 23 பந்துகளை எறிந்தும் வெறுங்கையோடு நிற்போர் நூற்றுக்கு 36 பேர் இருப்பார்கள். இருபத்திரண்டு தோற்றுவிட்டது, அடுத்தது கட்டாயம் பிடிக்கும் என்று மனம் சொல்லும். ஆனால் பந்துக்கு நினைவு கிடையாது. இருபத்து மூன்றாவது பந்துக்கும் அதே 4.4 சதவீதம்தான்.

பந்தின் ஆட்டத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது. விளையாட்டு ஒரே தடவையில் தீர்ப்புச் சொல்வதில்லை, நான்கு சோதனைகள் வைக்கிறது. ஒவ்வொன்றிலும் 0 முதல் 65,535 வரை ஓர் எண்ணை எடுத்து, அது குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறது. நான்கிலும் தேறினால் பூட்டு விழும். நான்கும் சேர்ந்து 4.4 சதவீதம் வரவேண்டுமானால், ஒவ்வொரு சோதனையும் தனியாக 46 சதவீத அளவுக்குத் தேற வேண்டும். எத்தனை சோதனைகளில் அடுத்தடுத்துத் தேறியதோ அத்தனை முறை பந்து ஆடும். மூன்றில் தேறி நான்காவதில் தவறினால், மூன்று முறையும் ஆடிவிட்டுப் பந்து உடைகிறது. மியூட்டூ விஷயத்தில் இது நடக்கும் வாய்ப்பு 5.2 சதவீதம், அதாவது பிடிபடும் வாய்ப்பைவிடவும் சற்று அதிகம்! மயிரிழையில் தப்பிவிட்டதே என்ற தவிப்பு ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இந்த நான்கு சோதனைகளும் பந்து தரையில் ஆடத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. திரையில் நாம் பார்ப்பது, ஏற்கெனவே எழுதப்பட்ட தீர்ப்பை நிதானமாக வாசிக்கும் காட்சி.

இதெல்லாம் எப்படித் தெரியும்? நிறுவனம் இந்தக் கணக்குகளைப் பெட்டியில் அச்சிட்டு விற்கவில்லை. இரண்டு வழிகளில் கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி, பொறுமையாக எண்ணுவது. ஸிக்ஸகூனை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்காமல் கொள்ளாமல் சாதாரணப் பந்தை எறிந்தால் அது மூன்றுக்கு ஒருமுறை சிக்கும். 300 பந்துகளைப் பொத்தானை அழுத்தாமல் எறியுங்கள். இன்னும் 300 பந்துகளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே எறியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 100 அளவில் சிக்க வேண்டும். சரியாக 100 என்று வராது. 84க்கும் 116க்கும் நடுவில் எங்கே நின்றாலும் அது தற்செயலின் இயல்பான அசைவே. இரண்டு தொகுதிகளுக்கும் இடையே 23க்கு மேல் வேறுபாடு வந்தால்தான் பொத்தான் மீது சந்தேகம் கொள்ளவே இடமுண்டு. பத்துப் பந்துகளை எறிந்து பார்த்துவிட்டு “எனக்குப் பலித்தது” என்பவரின் சாட்சியம் ஏன் எடுபடாது என்பது இப்போது புரியும். சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் இரைச்சலே உண்மையை மூழ்கடித்துவிடும்.

இரண்டாம் வழி, விளையாட்டையே பிரித்துப் படிப்பது. கேசட்டுக்குள் இருப்பது செயலிக்கு மட்டுமே புரியும் எண் வரிசை. அதை மனிதர் வாசிக்கக்கூடிய நிரலாகத் திருப்பி எழுதும் வேலையைத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறார்கள். ‘பிரெட்’ என்ற குழு இதில் பேர்பெற்றது. திருப்பி எழுதியது சரிதானா என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் சோதனை கடுமையானது. எழுதிய நிரலை மறுபடி எந்திர மொழிக்கு மாற்றும்போது, மூலக் கேசட்டில் உள்ளதற்கும் அதற்கும் ஓர் எண்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அந்த நிரல் ஊகம் அல்ல. பந்து ஆடும் காட்சியின்போது பொத்தானைக் கவனித்து வாய்ப்பைக் கூட்டும் வரி எதுவும் அங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடிவது இதனால்தான்.

அந்த நிரலைப் பிரித்தவர்களுக்கு அதிர்ஷ்டத்தின் ஊற்றும் தெரிந்தது. அது ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். அவ்வளவே.

கையாலேயே செய்து பார்க்கலாம். 17 என்ற எண்ணில் தொடங்குவோம். 21ஆல் பெருக்கி, 13ஐக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்வோம். 17ஐ 21ஆல் பெருக்கினால் 357, 13 சேர்த்தால் 370, மிஞ்சுவது 70. அடுத்து 70ஐ எடுத்து அதையே செய்தால் 83. பிறகு 56, 89, 82, 35... பார்ப்பவருக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும். ஆனால் 17க்குப் பிறகு எப்போதும் 70தான், 70க்குப் பிறகு எப்போதும் 83தான். 00 முதல் 99 வரையுள்ள நூறு எண்களும் தலைக்கு ஒருமுறை வந்துவிட்டு, மீண்டும் 17க்கே திரும்பும். சீரற்றதுபோல் நடிக்கும் இந்த எண்களைப் ‘போலிச் சீரற்ற எண்கள்’ என்று சொல்லலாம். தொடங்கும் எண்ணுக்கு ‘விதை’ என்று பெயர். கணித அறிஞர் டி.எச். லேமர் 1949இல் முன்வைத்த இந்த வகை முறை, பல பத்தாண்டுகள் கணினிகளின் பகடையாக இருந்தது.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. மேலே வந்த எண்களின் கடைசி இலக்கங்களை மட்டும் பாருங்கள்: 7, 0, 3, 6, 9, 2, 5. ஒவ்வொரு தடவையும் மூன்று கூடுகிறது! வலப்பக்க இலக்கங்களில் ஒழுங்கு அப்பட்டமாகத் தெரியும். இடப்பக்க இலக்கங்களில்தான் கலவை நன்றாக இருக்கும். மூன்றாம் தலைமுறை போக்கிமான் 32 பிட் (இரும இலக்கம்) அளவுள்ள எண்ணை 1,103,515,245ஆல் பெருக்கி 24,691ஐக் கூட்டுகிறது. விடையின் இடப்பக்கப் பாதியை, அதாவது மேல் 16 பிட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. காரணம் இந்தப் பலவீனமே. 0 முதல் 65,535 வரையான எண் என்று முன்பு சொன்னது இந்தப் பாதியைத்தான்.

திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்வோம். இந்த ராட்டினத்தில் சுமார் 430 கோடி பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். வரிசை என்றைக்கும் மாறாது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, ராட்டினம் ஒரு பெட்டி நகர்கிறது. ஒரு சுற்று முடிய இரண்டேகால் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாம் ஒரு செயலைச் செய்யும் கணத்தில் எந்தப் பெட்டி எதிரே நிற்கிறதோ, அதில்தான் ஏறுகிறோம்.

அப்படியென்றால் பொத்தானை நம்பியவர்கள் முழுக்கத் தவறவில்லை. தருணத்தைத்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். பந்து ஆடும்போது அழுத்துவது வீண். பந்தை எறிய அழுத்திய கணம், விலங்கின் எதிரே போய் நின்று சண்டையைத் தொடங்கிய கணம், இவைதான் தலையெழுத்தை முடிவு செய்கின்றன. ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் வேறு பெட்டி, வேறு விலங்கு.

எமரால்டு பதிப்பில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. கருவியை எப்போது இயக்கினாலும் அந்தப் பதிப்பில் விதை பூச்சியத்திலிருந்தே தொடங்குகிறது. ரூபி, சஃபையர் பதிப்புகள் கேசட்டுக்குள் உள்ள கடிகாரத்திலிருந்து விதையை எடுக்கும். கடிகாரத்தின் மின்கலம் தீர்ந்துபோனால் அவற்றிலும் ஒரே விதைதான் திரும்பத் திரும்ப வரும். தொடக்கம் தெரிந்துவிட்டது, வரிசையும் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து எந்த எண் எதிரே நிற்கும் என்று காகிதத்திலேயே கணக்கிடலாம். வானளாவிய கோபுரத்தின் உச்சியில் காத்திருக்கும் ரேக்வாஸாவிடம், தாங்கள் விரும்பும் பண்புகள் எந்தக் கணத்தில் அமையும் என்று கணினியில் கணக்கிட்டு, கடிகாரத்தின் டிக் ஒலியோடு விரலைப் பழக்கி, குறித்த கணத்தில் பொத்தானை அழுத்தும் கலையை ரசிகர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

‘பண்புகள்’ என்றோம். விலங்கு எதிர்ப்படும் அந்த ஒரு கணத்தில் என்னென்ன முடிவாகின்றன என்று பார்ப்பது சுவையானது. ரேக்வாஸா போன்ற, ஓரிடத்தில் நிலையாக நிற்கும் அரிய உயிரிகளுக்கு, விளையாட்டு நான்கு எண்களை அடுத்தடுத்து எடுக்கிறது. முதல் இரண்டையும் ஒட்டவைத்தால் 32 பிட் ‘அடையாள எண்’ கிடைக்கும். ஆணா பெண்ணா, துணிச்சலா கூச்சமா என்ற 25 வகை இயல்புகளில் எது, எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. தள்ளாடி நடக்கும் ஸ்பிண்டாவின் முகத்தில் நான்கு புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் அடையாள எண்ணின் எட்டு பிட்டுகள் நிர்ணயிக்கின்றன. அதனால் அந்த இனத்தில் 430 கோடி அமைப்புகள் இருக்க முடிகிறது. வழக்கமில்லாத நிறத்தில் மின்னும் ‘ஷைனி’ விலங்கும் இந்த எண்ணின் விளைவே. விளையாடுபவருக்கு விளையாட்டு தொடக்கத்திலேயே ஒதுக்கிய எண்ணோடு விலங்கின் அடையாள எண் ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஒத்துப்போக வேண்டும். அது 8,192இல் ஒருமுறை நடக்கும். ஒருவரிடம் மின்னியிருக்கக்கூடிய அதே எண், இன்னொருவரிடம் சாதாரண நிறத்தில் வரும்.

அடுத்த இரண்டு எண்களிலிருந்து வருபவை ‘பிறவி மதிப்புகள்’. உயிர்ச்சக்தி, தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு என்ற ஆறு திறன்களுக்கும் தலா 0 முதல் 31 வரை ஒரு மதிப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் இயல்பாகவே வேகமாக ஓடுவதுபோல, ஒரே இனத்தின் இரண்டு விலங்குகளுக்குள் வேறுபாட்டைக் கொண்டுவருவது இது.

நான்கு எண்களும் ஒரே வரிசையின் அடுத்தடுத்த பெட்டிகள் என்பதால் எதிர்பாராத ஒரு பயன் விளைந்தது. அடையாள எண்ணும் பிறவி மதிப்புகளும் ஒன்றையொன்று சாராமல் அமைந்தால், கோடி கோடியாகச் சேர்க்கைகள் இருக்க முடியும். உண்மையில் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு துளி மட்டுமே, 430 கோடி அளவுக்கு மட்டுமே, இயற்கையாகப் பிறக்க முடியும். ஒருவர் கேசட்டின் நினைவகத்தில் கைவைத்து, எல்லாத் திறனும் உச்சத்தில் இருக்கும் ரேக்வாஸாவை உருவாக்கினால், அதன் பிறவி மதிப்புகளும் அடையாள எண்ணும் வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்களோடு பெரும்பாலும் பொருந்தாது. மரபணுவைப் பார்த்து உறவைச் சொல்வதுபோல, எண்ணைப் பார்த்துக் கள்ளப் பிறப்பைக் கண்டுபிடிக்க முடிகிறது.

பிறப்பு இப்படி என்றால், வளர்ப்பு எப்படி?

இந்த விளையாட்டை ஆடுவோரிடையே நெடுங்காலம் உலவிய இன்னொரு நம்பிக்கை, மிட்டாய் பற்றியது. ‘ரேர் கேண்டி’ என்ற மிட்டாயைக் கொடுத்தால் விலங்கு சண்டை போடாமலேயே ஒரு படி ஏறும். மிட்டாய் தின்று 100ஆம் படியை எட்டிய விலங்கு, சண்டை போட்டு எட்டிய விலங்கைவிடச் சோப்ளாங்கியாக இருந்ததைப் பலரும் பார்த்தார்கள். மிட்டாய் உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டினார்கள். பார்த்தது உண்மை; சொன்ன காரணம் தவறு. சண்டையில் ஒரு விலங்கைத் தோற்கடிக்கும் ஒவ்வொரு தடவையும், திரையில் காட்டப்படாத ‘முயற்சிப் புள்ளிகள்’ சேர்கின்றன. ஸிக்ஸகூனைத் தோற்கடித்தால் வேகத்தில் ஒரு புள்ளி, பூச்சியேனாவைத் தோற்கடித்தால் தாக்குதலில் ஒரு புள்ளி. மிட்டாய் தீங்கு செய்வதில்லை. சண்டையைத் தவிர்த்ததால் புள்ளிகள் சேரவில்லை, அவ்வளவுதான். 100ஆம் படியை எட்டும் முன் சண்டைக்கு அனுப்பினால் குறையை ஈடுகட்டிவிடலாம். இரண்டு காரணங்கள் சேர்ந்தே வரும்போது, கண்ணுக்குத் தெரிவதன் மேல் பழியைப் போடுவது மனித வழக்கம். ஒன்றை நிறுத்திவைத்து மற்றதை மாற்றிப் பார்த்தால்தான் உண்மை பிரியும்.

முயற்சிப் புள்ளிகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு விலங்கு வாழ்நாளில் மொத்தம் 510 புள்ளிகளே சேர்க்க முடியும். 100ஆம் படியில் நான்கு புள்ளிகள் சேர்ந்து திறனை ஒன்று கூட்டும். எல்லாத் திறனையும் நிரப்ப 510 போதாது. வேகமா, தாக்குதலா என்று வளர்ப்பவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தெரியாமல் கண்ட கண்ட விலங்கோடெல்லாம் மோதவிட்டால் புள்ளிகள் ஆறு திறன்களிலும் சிதறிப்போகும்.

இவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு வித்தியாசம் செய்கின்றன? நெருப்பு உமிழும் சாரிசார்டின் வேகத்தைப் பார்க்கலாம். இனத்துக்கே உரிய அடிப்படை மதிப்பால், 100ஆம் படியில் எந்தச் சாரிசார்டுக்கும் 205 கிடைத்துவிடும். பிறவி மதிப்பு இதோடு அதிகபட்சம் 31 சேர்க்கும். பயிற்சி 63 சேர்க்கும். மொத்தம் 299. இயல்பு சாதகமாக இருந்தால் பத்து சதவீதம் கூடி 328 ஆகும். பிறவி மதிப்பு பூச்சியம், பயிற்சி பூச்சியம், இயல்பும் பாதகம் என்றால் 184தான். ஒரே இனம், ஒரே படி, ஒன்றின் வேகம் 184, மற்றதன் வேகம் 328. பயிற்சியின் பங்கு பிறவிப் பங்கைப்போல் இரண்டு மடங்கு என்பதையும் பாருங்கள். இந்த உலகத்தை வடிவமைத்தவர்கள் வளர்ப்பின் பக்கமே அதிக எடையை வைத்திருக்கிறார்கள்.

இருந்தும் போட்டிகளில் ஆடுவோர் பிறவி மதிப்பை விடுவதாக இல்லை. ஆறு திறன்களிலும் 31 அமையும் வாய்ப்பு 107 கோடியில் ஒன்று. காட்டில் தேடி நடக்கிற காரியமா? இங்கேதான் இனப்பெருக்கம் வருகிறது.

1999இல் வந்த ‘தங்கம்’, ‘வெள்ளி’ பதிப்புகளிலிருந்து, ஒத்துப்போகும் ஆண் பெண் இரண்டைக் காப்பகத்தில் விட்டால் முட்டை கிடைக்கும். 2013இல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில் ‘டெஸ்டினி நாட்’ என்ற சிவப்பு நூலுக்குப் புதிய ஆற்றல் கிடைத்தது. பெற்றோரில் ஒன்று இதை வைத்திருந்தால், ஆறு திறன்களில் ஐந்தின் பிறவி மதிப்புகள் பெற்றோரிடமிருந்து அப்படியே குஞ்சுக்குப் போகும். ஆறாவது மட்டும் புதிதாக அமையும். பெற்றோர் இரண்டும் ஆறிலும் 31 உள்ளவை என்றால், குஞ்சும் அப்படியே அமைய 32இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 107 கோடி, 32 ஆகிவிட்டது! அப்படிப்பட்ட பெற்றோர் தொடக்கத்தில் கையில் இருக்காது. இரண்டில் 31 உள்ளதையும் வேறு இரண்டில் 31 உள்ளதையும் சேர்த்து, குஞ்சுகளில் தேர்ந்ததை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்து, படிப்படியாகக் குவிக்க வேண்டும். நெல்லிலும் மாட்டிலும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த செயற்கைத் தேர்வு இதுவே.

இந்த மரபு முறையில் கிரிகோர் மெண்டலின் சாயல் ஒன்றும் இருக்கிறது. அவர் 1866இல் பட்டாணிச் செடி ஆய்வை வெளியிட்ட காலத்தில், தாய் தந்தை பண்புகள் பாலும் தண்ணீருமாகக் கலந்து சராசரியாகிவிடும் என்றே பலரும் எண்ணினார்கள். பண்புகள் தனித்தனி அலகுகளாக, உடையாமல் கடத்தப்படுகின்றன என்று மெண்டல் காட்டினார். போக்கிமானிலும் தந்தையிடம் 31, தாயிடம் 5 என்றால், கடத்தப்படும் மதிப்பு 31 அல்லது 5. இரண்டுக்கும் நடுவே 18 என்று கலப்பதில்லை. வேறுபாடு ஓரிடத்தில் இருக்கிறது. பட்டாணிச் செடி ஒரு பண்புக்கு இரண்டு அலகுகளைச் சுமக்கும். வெளியில் தெரியாத அலகு உள்ளே மறைந்திருந்து, பேரப்பிள்ளையில் தலைகாட்டும். போக்கிமான் குஞ்சு ஒன்றை மட்டுமே சுமக்கிறது. கைவிடப்பட்ட மதிப்பு அந்த வம்சத்தில் அத்தோடு தொலைந்தது. பாட்டியின் கண் பேத்திக்கு வரும் அற்புதம் இந்த உலகத்தில் இல்லை.

இந்த மறைகணக்குகளை உருவாக்கியவர்களே பின்னர் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ், ஒய் பதிப்புகளில் முயற்சிப் புள்ளிகள் திரையில் வரைபடமாகத் தெரிந்தன. 2016இல் வந்த சன், மூன் பதிப்புகளில், 100ஆம் படியை எட்டிய விலங்குக்குச் சிறப்புப் பயிற்சி கொடுத்துப் பிறவிக் குறையைப் போக்க வழி வந்தது. 2019இல் வந்த ஸ்வோர்டு, ஷீல்டு பதிப்புகளில், இயல்பின் விளைவை மாற்றும் இலைகள் சேர்ந்தன. நெடுநாள் கூடவே வந்த செல்ல விலங்கை, பிறவியில் குறை என்பதற்காக ஒதுக்கிவைக்க வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது.

எண் இயந்திரமும் மாறிக்கொண்டே வந்தது. ஸ்வோர்டு, ஷீல்டு பதிப்புகளில் குகைக் கூட்டுச் சண்டைகளில் வரும் விலங்குகள், 64 பிட் விதையிலிருந்து நவீன முறை ஒன்றால் உருவாகின்றன. விதைகளின் எண்ணிக்கை பழைய 430 கோடியைப் போல் இன்னொரு 430 கோடி மடங்கு. அப்படியும், குகையில் பிடித்த சில விலங்குகளின் பண்புகளை வைத்தே விதையைப் பின்னோக்கிக் கணக்கிடும் நிரல்களை ரசிகர்கள் எழுதிவிட்டார்கள். எண்கள் நன்றாகக் கலந்திருப்பது வேறு, பின்னோக்கிக் கணக்கிட முடியாமல் இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் கிடைப்பது அரிது.

விளையாட்டுக்கு முதல் குணம் இருந்தாலே போதும். நம் கைப்பேசிக்கு வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணுக்கு இரண்டாவது குணம் கட்டாயம் வேண்டும். நேற்று வந்த நான்கு எண்களை வைத்து நாளை வரப்போவதை ஒருவர் கணக்கிட முடிந்தால் கணக்கில் பணம் இருக்காது. அதனால் அத்தகைய இடங்களில் பின்னோக்கிப் பிரிக்க முடியாத சங்கேத முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். விதையையும் கணக்கிலிருந்து எடுக்காமல், விசை தட்டும் இடைவெளி, வன்பொருளின் நுண்ணிய நேர அசைவு போன்ற வெளியுலகச் சங்கதிகளிலிருந்து திரட்டுகிறார்கள். 1996இன் கேம் பாய் பதிப்பும் தன் எளிய அளவில் அதைச் செய்தது. கருவிக்குள் ஓயாமல் ஓடும் கால எண்ணியின் அப்போதைய மதிப்பைத் திரும்பத் திரும்பப் படித்து, அதைக் கூட்டியும் கழித்தும் தன் சீரற்ற எண்களைச் செய்துகொண்டது. எமரால்டில் ரேக்வாஸாவுக்குக் காகிதத்தில் நாள் குறித்ததுபோல், அந்தப் பழைய கேசட்டில் எளிதாகக் குறித்துவிட முடியாது.